ஏட்டில் நின்ற கைகள்

ஒரே தோல்தாளில் ஒரே வாசகத்தை இருமுறை எழுதுவர். பிறகு இரண்டுக்கும் நடுவே கத்தியை ஓட்டுவர். நேர்கோடாக அன்று, அலை அலையாக. ஒரு பாதியை ஆசான் வைத்துக்கொள்வார். மறுபாதி தொழில் பழக வந்த சிறுவன் பக்கம் போகும். பின்னாளில் வழக்கென்று வந்தால் இரு பாதிகளையும் மேசைமேல் சேர்த்துப் பார்ப்பர். வெட்டுவாய் பல்லோடு பல் பொருந்தினால் முறி மெய்யானது. இங்கிலாந்தில் தொழிற்பழகுநர் ஒப்பந்தங்கள் இம்முறையில்தான் தோன்றின. அந்நாட்டு மொழியில் அவ்வொப்பந்தத்துக்கு வழங்கும் பெயரே பல்லைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது.

முறியின் வாசகம் ஏறத்தாழ எல்லாத் தொழிலுக்கும் ஒன்றே. சிறுவன் ஏழாண்டு ஆசான் வீட்டில் தங்கி உழைக்க வேண்டும். தொழில் மறைகளைக் காக்க வேண்டும். சீட்டும் சூதும் ஆடலாகாது. மதுக்கடைப் பக்கம் திரியலாகாது. காலம் முடியுமுன் மணம் புரியலாகாது. ஆசானோ அவனுக்கு உண்டியும் உடையும் உறையுளும் தந்து, தம் தொழிலைக் கற்பிக்கக் கடமைப்பட்டவர். ஏழாண்டு என்னும் அளவை நாடு முழுமைக்கும் விதித்தது 1563ஆம் ஆண்டுச் சட்டம். 1814 வரை அவ்விதி ஏட்டில் நின்றது.

இத்தகைய முறிகளைக் கடிகாரத் தொழிலில் தேடிப் பார்ப்போம். கடிகாரத்தின் வரலாற்றைக் கண்டுபிடிப்புகளின் வரிசையாகப் படிப்பதே நம் வழக்கம். 1656இல் ஒல்லாந்து அறிஞர் கிறித்தியான் ஹைகன்ஸ் ஊசலைக் கடிகாரத்தோடு பூட்டினார். 1675இல் சமன்சக்கரத்துக்கு மயிர்ச்சுருள் வந்தது. 1750களில் நெம்புகோல் விடுவிப்புப் பொறி பிறந்தது. இவை மெய்யே. ஆயினும் கை கற்றதை இவ்வரிசை சொல்லாது. சிறு எஃகுத் துண்டைப் பழுக்கக் காய்ச்சித் தோய்த்துக் கடினமாக்கியபின், மீண்டும் மெல்லச் சூடேற்றுகையில் அதன் மேற்பரப்பில் வைக்கோல் நிறமும், செம்பழுப்பும், ஊதாவும், கடைசியில் நீலமும் ஒன்றன்பின் ஒன்றாக ஓடிவரும். எந்த நிறத்தில் நெருப்பிலிருந்து எடுத்தால் சுருள்வில்லுக்கு ஏற்ற பதம், எதில் எடுத்தால் வெட்டுளிக்கு ஏற்ற பதம் என்பதை நூல் சொல்லிவிடும். அந்த நிறம் வந்துவிட்டது என்பதை அறிவது கண். அக்கண்ணைப் பழக்குவது பக்கத்தில் நிற்கும் இன்னொரு கண். ஆகவே இக்கலை ஒரு நகரிலிருந்து இன்னொரு நகருக்கு, ஒரு தலைமுறையிலிருந்து அடுத்ததற்கு எவ்வாறு சென்றது என்று அறிய வேண்டுமானால், யார் யாருடைய மேசையருகே எத்தனை ஆண்டு நின்றார் என்பதைத் தேடியாக வேண்டும். அத்தேடலுக்கு உரிய இடம் உள்ளூர் ஆவணக் காப்பகம்.

அங்கே நுழைவோர் முதலில் உணர வேண்டிய உண்மை ஒன்றுண்டு. அவ்வேடுகளுள் எதுவும் கலையைக் காப்பதற்காக எழுதப்பட்டதன்று. பணம் கைமாறியபோது எழுதினார்கள். உரிமை கோரியபோது எழுதினார்கள். சச்சரவு எழுந்தபோது எழுதினார்கள். கலை மட்டும் கைமாறிய இடத்தில் எவரும் மைக்கூட்டைத் திறக்கவில்லை. ஓர் ஏட்டைப் படிக்குமுன் அது எதற்காக எழுதப்பட்டது என்று கேட்டுக்கொள்ளாதவர், அதன் பேச்சையும் தவறாகக் கேட்பார். அதன் மௌனத்தையும் தவறாகப் புரிந்துகொள்வார்.

இலண்டனிலிருந்து தொடங்குவோம். 1631 ஆகஸ்ட் 22இல் முதலாம் சார்லஸ் மன்னர் அளித்த பட்டயத்தால் அந்நகரின் கடிகாரத் தொழிலோர் கழகம் உருவாயிற்று. அதற்குமுன் கடிகாரக் கம்மியர் பலர் கொல்லர் கழகத்தைச் சார்ந்தே இருந்தனர். புதிய கழகம் தன் உறுப்பினர் சேர்த்துக்கொண்ட பழகுநர்களின் பெயரைப் பதிவேட்டில் ஏற்றியது: சிறுவன் பெயர், தந்தை பெயர், ஊர், தந்தையின் தொழில், ஆசான் பெயர், சேர்ந்த நாள். ஏழாண்டு கழிந்து அவன் தொழிலுரிமை பெறும்போது இன்னொரு பதிவு. இவ்விரு பதிவுகளுக்கும் இடையில்தான் ஒரு கைவினைஞரின் உருவாக்கம் முழுவதும் அடங்கியிருக்கிறது. கழகத்தின் பழகுநர் பதிவேட்டைத் தொகுத்து 1931இல் அட்கின்ஸ் என்பவர் அச்சேற்றினார். தேடுவோர்க்கு அந்நூல் இன்றும் முதற்படி.

அப்பதிவேடு எத்தகைய பொய்யை உடைக்கும் என்பதற்கு ஜார்ஜ் கிரகாம் சான்று. ‘ஆங்கிலக் கடிகாரக் கலையின் தந்தை’ எனப் போற்றப்படும் தாமஸ் டாம்பியனின் மாணவர் அவர் என்று பலரும் எழுதிச் செல்வர். பதிவேடு அவ்வாறு சொல்லவில்லை. கிரகாம் 1688இல் பழகுநராகச் சேர்ந்தது ஹென்றி ஆஸ்க் என்பவரிடம். 1695இல் தொழிலுரிமை பெற்றதும் அவ்வழியில்தான். அதன் பிறகே அவர் டாம்பியனின் பட்டறைக்குள் நுழைகிறார். பெயர்பெற்ற ஆசானின் நிழலில் பெயரற்ற ஆசான் ஒருவர் மறைந்துபோயிருந்தார். எஃகின் நிறத்தை முதன்முதலில் கிரகாமுக்குக் காட்டிய கண் ஆஸ்க்கினுடையதாக இருக்க வாய்ப்பு மிகுதி. ஒரேயொரு பதிவு வரி அவருக்கு உரியதை மீட்டுத் தருகிறது.

இங்கே எளிய கணக்கு ஒன்று துணைசெய்யும். சிறுவர் பொதுவாகப் பதினான்கு வயதையொட்டிச் சேர்ந்தனர், ஏழாண்டு பயின்றனர், இருபத்தொன்றையொட்டி உரிமை பெற்றனர். கிரகாம் பிறந்தது ஏறத்தாழ 1673, சேர்ந்தது 1688, விடுபட்டது 1695. கணக்குப் பொருந்துகிறது. அவரிடமே பயின்ற தாமஸ் மட்ஜ் பிறந்தது 1715, சேர்ந்தது 1730, உரிமை பெற்றது 1738. இதுவும் ஏறக்குறையப் பொருந்துகிறது. ஒரே பெயருடைய இருவருள் யாரைத் தேடுகிறோம் என்ற ஐயம் எழும்போது இக்கணக்கே முதல் சல்லடை. ஜான், தாமஸ், வில்லியம் என்னும் மூன்று பெயர்களுக்குள் பாதி ஊர் அடங்கிவிடும் நாட்டில் அச்சல்லடை இல்லாமல் ஓர் அடியும் நகர முடியாது. பெயர் ஒன்றாயினும் வயது பொருந்தாவிடில் தள்ளுக. வயது பொருந்தினும் ஊர் பொருந்தாவிடில் ஐயுறுக. ஊரும் பொருந்தினால் மனைவி பெயரையும் அண்டை வீட்டார் பெயரையும் பார்க்க. பதிவோடு பதிவை இணைக்கும் இம்முறை ஓர் அறிவியலாகவே இன்று வளர்ந்திருக்கிறது.

கணக்குப் பொருந்தாத இடம் இன்னும் பொருள் நிறைந்தது. டாம்பியன் 1639 ஜூலையில் பெட்ஃபோர்டுசயரின் நார்த்தில் என்னும் ஊரில் திருமுழுக்குப் பெற்றதைப் பங்குப் பதிவேடு காட்டுகிறது. தந்தை கொல்லர். இலண்டன் கழகத்தில் அவர் உறுப்பினராவது 1671இல், முப்பத்திரண்டு வயதில். பதினான்குக்கும் முப்பத்திரண்டுக்கும் இடையே பதினெட்டு ஆண்டு. அவர் யாரிடம் தொழில் பயின்றார் என்று சொல்லும் பழகுநர் பதிவு இலண்டன் கழகத்து ஏட்டில் இல்லை. இவ்வெற்றிடத்தை நிரப்பக் கதை கட்டுவது எளிது. கொல்லர் மகன் உலைக்களத்தில் தந்தையருகே நின்று இரும்பின் நிறத்தைக் கற்றிருப்பான் என்று எண்ண எனக்கும் ஆசைதான். தந்தை மகனுக்குக் கற்பித்தால் பணம் கைமாறாது. பணம் கைமாறாவிடில் முறி எழுதப்படாது. ஆகவே அம்மௌனம் அவ்வெண்ணத்தை மறுக்கவில்லை, மெய்ப்பிக்கவுமில்லை. அங்கேயே நிறுத்திக்கொள்வதுதான் நேர்மை.

டாம்பியனுக்கு மனைவி மக்கள் இல்லை. ஆயினும் அவர் பட்டறை ஒரு குடும்பமாகவே தொடர்ந்தது. அவருடைய உடன்பிறந்தாளின் மகளை மணந்த எட்வர்டு பாங்கர் சிலகாலம் தொழிற்கூட்டாளியானார். 1704இல் டாம்பியனுடைய உடன்பிறந்தானின் மகளான எலிசபெத்தைக் கிரகாம் மணந்தார். 1713இல் டாம்பியன் மறைந்தபோது பட்டறை கிரகாம் கைக்கு வந்தது. 1751இல் கிரகாம் இறந்தபோது அவரை வெஸ்ட்மின்ஸ்டர் திருக்கோயிலில் டாம்பியனின் கல்லறையிலேயே அடக்கினர். பழகுநர் பதிவேட்டை மட்டும் பார்ப்பவர்க்கு இவ்விருவரையும் இணைக்கும் கோடு தென்படாது. திருமணப் பதிவைச் சேர்த்துப் பார்ப்பவர்க்கே தென்படும். பெண்களின் பெயர் வழியாகத்தான் பல பட்டறைகள் கைமாறின. எனவே கைவினைக் குடியைத் தேடுவோர் மணப்பதிவைக் கடைசிக்கு ஒதுக்கலாகாது.

கழகத்தின் பெயரை நம்பி ஏமாறுவதும் உண்டு. இலண்டன் வழக்கப்படி ஒரு கழகத்தில் உரிமை பெற்றவர் வேறு தொழிலும் செய்யலாம். ஆகவே கடிகாரம் செய்தவர்களைக் கொல்லர் கழகத்திலும் பொற்கொல்லர் கழகத்திலும் தேட வேண்டியிருக்கிறது. கடிகாரக் கழகத்து ஏட்டிலோ கடிகாரத்தைத் தொடாதவர்களும் இருக்கிறார்கள். 1718இல் அவ்வேட்டில் எலினர் மோஸ்லி என்ற பெண்ணின் பெயர் பதிவாகியிருக்கிறது. ஆசானாக எழுதப்பட்டவர்கள் கடிகாரக் கழகத்தார் ஜார்ஜ் டைலரும் அவர் மனைவி லூசியும். எலினர் கற்றது கடிகாரத் தொழிலன்று. லூசியிடம் தலையணியும் ஆடையணியும் செய்யும் தொழில். காலம் முடிந்து 1727இல் கழக உரிமை பெற்று, தாமே கடை நடத்தித் தம் பங்குக்குப் பெண்பிள்ளைகளைப் பழகுநராகச் சேர்த்துக்கொண்டார். அவரைக் கடிகாரம் செய்த பெண் என்று எழுதிவிட்டால் பிழை. அவரை விட்டுவிட்டாலும் பிழை. கணவரின் கழகப் பெயருக்குள் மனைவியின் தொழில் எவ்வாறு குடியிருந்தது என்பதற்கு அவர் தெளிந்த சான்று.

இலண்டனை விட்டு வெளியே வந்தால் நமக்குத் துணையாவது வரி. 1710 மே முதல் நாளிலிருந்து, பழகுநரைச் சேர்க்கும்போது ஆசான் பெறும் பயிற்றுத்தொகைமீது அரசு முத்திரை வரி விதித்தது. தொகை 50 பவுண்டுக்குள் இருந்தால் பவுண்டுக்கு 6 பென்சு. மேற்பட்டால் பவுண்டுக்கு ஒரு சில்லிங். அப்போது ஒரு பவுண்டுக்கு 20 சில்லிங், ஒரு சில்லிங்குக்கு 12 பென்சு. எனவே 20 பவுண்டு கொடுத்து மகனைச் சேர்த்த தந்தையின் பொருட்டு ஆசான் செலுத்தியது 120 பென்சு, அதாவது 10 சில்லிங். இவ்வரியைக் குறித்துவைத்த பேரேடுகள் 1811 வரை நீண்டு, பிரித்தானியத் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. ஓர் எழுத்தன் இடைவிடாது எழுதிச் சென்ற வரிகள்: வரி செலுத்திய நாள், ஆசான் பெயர், ஊர், தொழில், பழகுநன் பெயர், தொகை, வரி. ஏறத்தாழ 1750 வரை தந்தை பெயரும் உண்டு. பிறகு அதையும் விட்டுவிட்டனர். அரசுக்கு வேண்டியது பணம். தந்தை பெயரால் அதற்கு ஆவதொன்றுமில்லை.

இப்பேரேட்டில் இரண்டு கண்ணிகள் உண்டு. ஒன்று நாள். வரியைப் பயிற்சிக்காலம் முடிந்து ஓராண்டுக்குள் கட்டினாலும் போதும். ஆகவே பேரேட்டிலுள்ள நாள் சிறுவன் சேர்ந்த நாளாக இருக்க வேண்டியதில்லை. அதற்கும் எட்டாண்டு முன்னரே அவன் சேர்ந்திருக்கலாம். மேலே சொன்ன பதினான்கு வயதுக் கணக்கை இந்நாளின்மேல் கண்மூடிப் போடுவோர் பிறப்பாண்டைத் தவறவிடுவர். மற்றொன்று இடம். நாட்டுப்புற ஒப்பந்தங்கள் பலவற்றின் வரி இலண்டனில் செலுத்தப்பட்டது; நகரப் பேரேட்டில் கண்ட ஆசானை நகரத்தார் என்று முடிவுகட்ட முடியாது.

இவற்றினும் பெரிது, பேரேட்டில் வராதவர்களின் தொகை. ஊர்ச் செலவில் தொழிலுக்கு அனுப்பப்பட்ட ஏழைப் பிள்ளைகளுக்கும் அறக்கொடையால் சேர்க்கப்பட்டவர்களுக்கும் வரி இல்லை. தொகை பெறாமல் சேர்த்துக்கொள்ளப்பட்டவர்களுக்கும் இல்லை. தந்தையிடம் மகனும், சிற்றப்பனிடம் அண்ணன் மகனும், அண்ணனிடம் தம்பியும் கற்ற இடங்களில் பெரும்பாலும் தொகையும் இல்லை, முறியும் இல்லை. எந்தத் தொழில் வீட்டுக்குள்ளேயே மிகுதியாகக் கற்கப்பட்டதோ, அத்தொழில் பேரேட்டில் மிகக் குறைவாகத் தெரியும். பதிவுகளை எண்ணிப் பார்த்து, ‘இவ்வூரில் கடிகாரத் தொழில் சிறிது’ என்று முடிவுகட்டுவோர் இதனால்தான் வழுக்கி விழுகின்றனர்.

அவ்வாறு மறைந்திருந்த பெரிய இடம் லங்காசயரின் பிரெஸ்காட். லிவர்பூலுக்குக் கிழக்கே எட்டு மைல் தொலைவிலுள்ள சிற்றூர். அவ்வூரிலும் சுற்றுப்புறக் குடியிருப்புகளிலும் வீட்டின் பின்புறத்தில் நீண்ட சாளரம் வைத்த பணியறைகள் இருந்தன. ஒரு வீட்டில் பற்சக்கரம் வெட்டுவர், அடுத்த வீட்டில் சிறுபல் உருளைகள், இன்னொன்றில் திருகாணி, மற்றொன்றில் அரம், குறடு, கடைசல் கருவி. இவை ஒன்றுசேர்ந்து, மெருகேறாத உட்பொறியாக இலண்டனுக்கும் கோவென்ட்ரிக்கும் போயின. அங்கே முடித்து, மேற்கூடு பூட்டி, மேல்தட்டில் இலண்டன் வணிகரின் பெயரைப் பொறித்தனர். 1747இலேயே இலண்டன் தொழில்களைப் பற்றி நூலெழுதிய கேம்பெல், கடிகாரக்காரர் எனப் பெயர் பொறிப்பவர் அதன் ஒரு சக்கரத்தையும் தம் பட்டறையில் செய்திருக்க மாட்டார் என்று விளக்கியிருக்கிறார். செய்தவர் பெயரையும் ஊரையும் பொறிக்க வேண்டுமென 1698ஆம் ஆண்டு ஏற்றுமதிச் சட்டம் விதித்தது உண்மை; ஆனால் சட்டத்தின் கண்ணில் செய்தவர் என்பவர் விற்றவரே.

பிரெஸ்காட்டில் கழகம் இல்லை. எனவே உறுப்பினர் பதிவேடும் இல்லை. அவ்வூர்க் குடிகளின் தடம் கிடைப்பது பங்குப் பதிவேட்டில். திருமுழுக்கு, திருமணம், அடக்கம் ஆகிய மூன்றையும் எழுதிய குருமார், வடநாட்டுப் பங்குகள் பலவற்றில் தந்தையின் தொழிலையும் ஒரு சொல்லில் குறித்துவைத்தனர். 1813 சனவரி முதல் அச்சிட்ட கட்டங்கள் கொண்ட ஏடு நாடெங்கும் கட்டாயமானது. தந்தையின் தொழிலுக்கென்று தனிக்கட்டமே வந்தது. ஒரு குடும்பத்தை அக்கட்டத்தின் வழியே தொடர்ந்து செல்லலாம். மூத்த பிள்ளையின் திருமுழுக்கில் ‘கடிகாரக் கருவி செய்பவர்’. மூன்றாம் பிள்ளைக்கு ‘கடிகார உறுப்பு செய்பவர்’. இருபத்தைந்து ஆண்டு கழித்து அந்த மூத்த பிள்ளையே தந்தையாகி நிற்கையில், அதே கட்டத்தில் அதே தொழில். இடையில் எந்த முறியும் இல்லை, வரியும் இல்லை. ஆயினும் தந்தை கையிலிருந்து மகன் கைக்கு அரம் மாறியதை அவ்விரு கட்டங்களும் சேர்ந்து சொல்லிவிடுகின்றன. குருவானவர் எழுதியது குழந்தையின் பெயருக்காக. நமக்குக் கிடைத்தது ஒரு தொழிலின் கால்வழி.

பிரெஸ்காட்டில் 1720இல் பிறந்த ஜான் வைக், கடிகாரக் கருவிகள் செய்து, பின்னர் லிவர்பூலில் குடியேறிப் பெரிய தொழிலகம் நடத்தினார். தம் கருவிகளைப் படத்தோடு அச்சிட்டு அவர் வெளியிட்ட பட்டியல் இன்றும் இத்துறை ஆய்வாளர்களின் கையேடு. அப்பட்டியலின் ஒவ்வொரு படத்துக்குப் பின்னும் பெயர் தெரியாத ஒரு வீட்டுப் பணியறை இருக்கிறது.

இன்னும் சிறிய கைகளைத் தேடினால் தென்கடற்கரையிலுள்ள கிறைஸ்ட்சர்ச் ஊருக்குப் போக வேண்டும். பழைய சட்டைப்பைக் கடிகாரத்தில் முதன்மைச் சுருள்வில் முழுதும் முறுக்கேறியிருக்கையில் மிகுந்த விசையோடு இழுக்கும். தளரத் தளர விசை குறையும். அதை நேர்செய்ய ஒரு கூம்புருளையை வைத்தனர். சுருள்வில்லின் உருளையையும் கூம்பையும் ஒரு மெல்லிய சங்கிலி இணைக்கும். முறுக்கு மிகுந்திருக்கையில் சங்கிலி கூம்பின் ஒடுங்கிய முனையைப் பற்றி இழுக்கும். முறுக்குக் குறைகையில் அகன்ற அடியைப் பற்றி இழுக்கும். விசை குறைந்தாலும் நெம்பும் தொலைவு கூடுவதால் சக்கரங்களுக்குச் செல்லும் திருப்புதிறன் ஒரே அளவாக நிற்கும். அறிவால் அழகிய தீர்வு. ஆனால் அச்சங்கிலியை உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். மிதிவண்டிச் சங்கிலியின் அமைப்பேதான். அகலமோ ஓர் அரிசியின் அகலம்கூட இராது. எட்டு வடிவத் தகடுகள் நூற்றுக்கணக்கில்; ஒவ்வொன்றிலும் இரு துளை; துளைக்குத் துளை ஒரு தறையாணி; ஆணியின் இருமுனையையும் தட்டிப் பரப்பி, எஞ்சியதை அரத்தால் தேய்த்து வழவழப்பாக்க வேண்டும். அறுந்தால் கடிகாரம் நின்றுவிடும்.

1790ஆம் ஆண்டளவில் ராபர்ட் காக்ஸ் என்பவர் கிறைஸ்ட்சர்ச்சில் இச்சங்கிலித் தொழிலைத் தொடங்கினார். கூர்ந்த இளங்கண்கள் வேண்டியிருந்தன. ஊர் ஏழையர் இல்லத்துப் பிள்ளைகளும் பெண்களும் அவற்றைத் தந்தனர். இப்பிள்ளைகளுக்காக எவரும் 20 பவுண்டு கொடுக்கவில்லை. முத்திரை வரிப் பேரேட்டில் அவர்கள் இல்லை. கழக ஏட்டிலும் இல்லை. அவர்களைத் தேட ஏழையர் இல்லக் கணக்குகளையும் ஊர் மேற்பார்வையாளரின் செலவேடுகளையும்தான் திறக்க வேண்டும். கடிகாரத்தின் மேல்தட்டில் ஒரு பெயர் மின்னுகிறது. உள்ளே ஓடும் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு சிறுமியின் கண் தேய்ந்திருக்கிறது. இக்கருவியைப் பற்றி எழுதும்போதெல்லாம் இந்த இரண்டையும் சேர்த்தே எழுத வேண்டுமென்று நான் கருதுகிறேன்.

ஏழைகள் தங்கள் வாயால் தம் கதையைச் சொன்ன இடமும் ஒன்றுண்டு. வறுமையுற்றவரை எந்த ஊர் காக்க வேண்டும் என்ற வழக்கு எழும்போது, நடுவர்முன் நிறுத்தி அவர் பிறந்த ஊர், செய்த வேலை, பயின்ற ஆசான் அனைத்தையும் கேட்டு எழுதுவர். 1691ஆம் ஆண்டுச் சட்டப்படி, பழகுநராக ஓரூரில் பணிசெய்தவர்க்கு அவ்வூரில் குடியுரிமை உண்டு. எனவே ‘இன்னாரிடம் இத்தனை ஆண்டு தொழில் பழகினேன்’ என்னும் வாய்மொழி சட்டத்தின் கண்ணில் விலைமிக்கதாயிற்று. முறி தொலைந்துபோன, வரி கட்டப்படாத, கழகம் அறியாத பல பயிற்சிகள் இவ்விசாரணைத் தாள்களில்தான் வெளிச்சம் காண்கின்றன. ஒருவர் வாழ்வில் மிகத் தாழ்ந்த நாளில் எழுதப்பட்ட தாள், அவர் கலையின் ஒரே சான்றாக நிற்கிறது.

பணமும் வறுமையும் எழுதவைத்தது போலவே, மறையும் எழுதவைத்தது. அதற்குச் சான்று கடல் கடந்த ஒரு தாள். ஹைகன்ஸின் ஊசல் கடிகாரத்தைச் செய்யும் தனியுரிமை 1657 ஜூனில் ஹேக் நகரக் கடிகாரக் கம்மியர் சாலமன் கோஸ்டருக்குக் கிடைத்தது. அதே ஆண்டு செப்டம்பர் 3இல், இலண்டனிலிருந்து வந்த ஜான் ஃபிரமாண்டீல் என்னும் இளைஞர் அவரோடு ஆவணச் சான்றாளர் முன் ஒப்பந்தம் செய்துகொண்டார். அடுத்த மே மாதம் வரை கோஸ்டரின் பட்டறையில் வேலை. அவ்வொப்பந்தத்தில் ஒரு ‘மறை’ பற்றிய பேச்சு வருகிறது. யார் யாருக்குக் கற்றுக்கொடுத்த மறை என்பதை ஆய்வாளர்கள் இருவகையாகப் படிக்கின்றனர்: கோஸ்டரின் மறையை ஃபிரமாண்டீல் கற்றார் என்போர் ஒருபுறம், இளைஞரே தம் குடும்ப அறிவைக் கொண்டுசென்றார் என்போர் மறுபுறம். ஐயமற்றது இது: 1658 அக்டோபரில் ஜானின் தந்தை அகாசுவேரஸ் ஃபிரமாண்டீல் புதுவகைக் கடிகாரங்களை இலண்டன் செய்தித்தாளில் விளம்பரம் செய்துவிட்டார். ஒரு கண்டுபிடிப்பு கடலைக் கடக்க எடுத்துக்கொண்ட காலத்தை மாதக் கணக்கில் அளக்க முடிகிறதென்றால், சான்றாளர் ஒருவரின் கட்டுக்குள் அத்தாள் கிடந்ததே காரணம்.

அத்தந்தை நார்விச்சில் குடியேறிய ஃபிளாண்டர்ஸ் வழியினர் குடும்பத்தில் பிறந்தவர். திருமுழுக்கு நாள் 1607 பிப்ரவரி 25. இங்கே ஒரு சொல். அக்கால இங்கிலாந்தில் ஆண்டு தொடங்கியது மார்ச்சு 25இல். 1752இல்தான் சனவரிக்கு மாறியது. பிப்ரவரியில் நடந்ததைப் பதிவேடு முந்திய ஆண்டாகவே எழுதும்: நாம் 1607 என்பதை அது 1606 என்னும். இதை மறந்தால் பிள்ளை பெற்றோரின் திருமணத்துக்கு முன் பிறந்துவிடும். பழகுநன் உரிமை பெற்றபின் சேர்ந்துவிடுவான்.

பழகுநர் பதிவேட்டின் முழுப்பயனையும் காட்டும் ஒரு வழித்தடம் உண்டு. 1735இல் லார்கம் கெண்டல் என்னும் ஆக்ஸ்ஃபோர்டுசயர்ச் சிறுவன் ஜான் ஜெஃப்ரிஸ் என்பவரிடம் சேர்ந்தான். ஏழாண்டு முடிந்தது, உரிமை கிடைத்தது, பிறகு கிரகாமுக்கும் வேலை செய்தார். சாதாரணப் பதிவுதான். ஆனால் கடலில் நெடுங்கோட்டை அறியும் கடிகாரத்துக்காக வாழ்நாளைச் செலவிட்ட தச்சர் ஜான் ஹாரிசன், பெரிய பொறிகளைக் கைவிட்டுச் சிறு கடிகாரத்தின் பக்கம் திரும்பியது எப்போது? 1753இல் தமக்கென ஒரு சட்டைப்பைக் கடிகாரம் செய்வித்து, அதன் ஓட்டத்தைக் கண்டபின். அதைச் செய்துகொடுத்தவர் இந்த ஜெஃப்ரிஸ். அவ்வழியில் 1759இல் ஹாரிசன் முடித்த நான்காம் கடிகாரத்தை அப்படியே படியெடுக்கும் பொறுப்பை அரசு யாரிடம் ஒப்படைத்தது? ஜெஃப்ரிஸின் பழகுநரான கெண்டலிடம். 1769இல் அவர் முடித்த படியைத்தான் 1772இல் கேப்டன் குக் தம் இரண்டாம் கடற்பயணத்தில் எடுத்துச் சென்றார். மூலமும் படியும் ஒரே மேசையோடு தொடர்புடையவை; அதைக் காட்டுவது 1735ஆம் ஆண்டின் ஒற்றை வரி.

ஹாரிசனுக்கோ கடிகாரத் தொழிலில் பழகுநர் பதிவே கிடையாது. அவர் தம்பி ஜேம்ஸோடு சேர்ந்து மரச்சக்கரக் கடிகாரங்கள் செய்தார். மகன் வில்லியம் 1761இல் நான்காம் கடிகாரத்தோடு ஜமைக்காத் தீவுக்குக் கப்பலேறினார். அண்ணன் தம்பிக்கும் தந்தை மகனுக்கும் இடையே எவரும் தோல்தாளை அலை அலையாக அறுக்கவில்லை.

பழைய லங்காசயர் உட்பொறியைத் துலக்குவோர், எண்தட்டைக் கழற்றியபின் அதன் அடியில் இரண்டெழுத்து முத்திரை ஒன்றைக் காண்பதுண்டு. வெளியே தெரியாத இடத்தில், உட்பொறி செய்தவர் அழுத்திவைத்த பெயர்முதலெழுத்துகள். பிரெஸ்காட் பங்குப் பதிவேட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டி, அவ்விரண்டெழுத்தில் தொடங்கும் பெயருள்ள தந்தையர் அத்தனை பேரையும் எழுதிக்கொண்டு, வயதைக் கூட்டிக் கழித்து, ஒருவர் ஒருவராக நீக்கிக்கொண்டே வருவோர் இருக்கிறார்கள். சில வேளை பட்டியலில் மூவர் எஞ்சுவர். சில வேளை ஒருவரே எஞ்சுவார்.